ஆள் உள்ளே

டை முடிச்சு இந்தத் தடவையும் ஒரு பக்கமாகப் போய்விட்டது. கிருபாவதி அதை அவிழ்த்து மறுபடியும் சுற்றினாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை மகன் ஜெப்ரி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தான். உள்ளேயிருந்து எழுந்த குளிர் அவள் முகத்தில் பட்டு, முழங்கை வரை ஏறியது.

"விடும்மா. கோட்டுக்குள்ள போயிரும். யாரு பாக்கப்போறாங்க."

"உங்கப்பா பாப்பாரு" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. ஜெப்ரி மூடியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான். 

"கல்யாணத்தன்னிக்குக் கட்டுனதோட சரி, அவன் டை கட்டியே நான் பாத்ததில்ல" என்றாள் சாரா, சுவரோரம் நாற்காலியில் இருந்தபடி. கிருபாவதியின் கணவர் தேவதாஸுக்கு அக்கா. "பழக்கமில்லாதவனுக்கு இதெல்லாம் எதுக்குன்னு சொன்னேன். கேட்டாத்தான."

கிருபாவதி காலரை நிமிர்த்தி டையை உள்ளே தள்ளினாள். விரலில் கறுப்புக் கயிறு ஒன்று தட்டுப்பட்டது. மெல்ல இழுத்தாள். சின்னச் சிலுவையும் அதோடு கோத்த பித்தளைச் சாவியும் வெளியே வந்தன. ஆஸ்பத்திரியில் மோதிரம், வாட்ச், பர்ஸ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இதை மட்டும் யாரும் தொடவில்லை. சிலுவையை விட்டுவிட்டுச் சாவியை மட்டும் உருவி எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை. உள்ளங்கையில் அது பனிக்கட்டி போல இருந்தது.

அப்போதுதான் போன்கள் அடித்தன.

ஹாலிலும் வாசல் பந்தலிலும் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் கம்பெனி ஆட்கள். அத்தனை சட்டைப் பைகளிலும் ஒரே நேரத்தில் ஒரே மணி. சமையலறையில் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த தேவதாஸின் போனிலும் அதே மணி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், பழக்க தோஷத்தில், கிருபாவதிதான் அதைச் சார்ஜில் போட்டிருந்தாள்.

பந்தலில் யாரோ பதறி போனை அணைக்கப் போய், வேறு எதையோ தொட்டுவிட்டார். ஒரு பெண் குரல் கேட்டது.

"அண்ணா, கம்பெனிக்கு வந்து இருபத்தஞ்சு வருஷம் முடிஞ்சுது. நம்ம பங்காளிகளுக்கு ரெண்டு வார்த்தை சொல்லுங்கண்ணா."

பிறகு தேவதாஸின் அந்தச் சிரிப்பு. முதலில் மூக்கால் வந்து, பிறகு தொண்டைக்கு இறங்கும் சிரிப்பு.

"நான் என்ன மந்திரியா அம்மணி, ரெண்டு வார்த்தை சொல்றதுக்கு? சரி, கேட்டுக்க. பூட்டு தொங்குச்சுன்னா ஆள் உள்ளார இருக்கறான்னு அர்த்தம். அவனே வந்து எடுக்கட்டும். வேற எவனும் கைய வெக்கப்படாது. அவ்வளவுதான். பிரியாணி என்னிக்குங்கறத மட்டும் சொல்லிப்போடு."

கிருபாவதியின் கண் தானாக அவர் உதட்டுக்குப் போனது. பஞ்சு வைத்த மூக்குக்குக் கீழே அது இறுக மூடியிருந்தது. போனை வைத்திருந்தவர் அவசரத்தில் மறுபடியும் எங்கோ அழுத்த, சிரிப்பு முதலிலிருந்து தொடங்கியது. பக்கத்திலிருந்தவர் அதைப் பிடுங்கி அணைத்தார். அதன்பின் ஐஸ் பெட்டியின் உறுமல் மட்டும்தான் வீட்டில் இருந்தது.

ஜெப்ரி மூடியை இறக்கினான். 

வாசலில் ஷ்ரவ்யா வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண். அந்தக் குரல் அவளுடையதுதான். கிருபாவதி அருகே போனதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முந்தாநாளே கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சுட்டனுங்க்கா. அதுவா காலைல அனுப்பிரும். நேத்து நடந்ததுல நிறுத்தறதுக்கு மறந்துபோட்டேனுங்க்கா. சத்தியமா மறந்துபோட்டேன்."

"போகுது விடு கண்ணு" என்றாள் கிருபாவதி. "நல்லாத்தான் பேசியிருக்காரு."

தினமும் காலையில் அந்தச் சேதி வரும். யாருக்குப் பிறந்த நாள், யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் லைசென்ஸ் பரீட்சையில் தேறினார், யார் எத்தனை வருஷம் முடித்தார். தேவதாஸ் இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு அதைச் சத்தமாகப் படிப்பார். "நம்ம அபிலாஷுக்குப் பொட்டப்புள்ளையாமா." சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தைக் கூட அவர் அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. பழைய முதலாளி திருமலைசாமி, வாரிசு என்று யாருமில்லாமல், மில்களில் மின்சார வேலை எடுத்துச் செய்யும் தன் கம்பெனியை வயதான காலத்தில் வேலை செய்பவர்கள் பேரிலேயே பங்கு பிரித்து எழுதி வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஒருவரையொருவர் பங்காளி என்று கூப்பிடத் தொடங்கியவர்கள்தான். முதலில் கேலிக்கு. பிறகு அப்படியே நிலைத்துவிட்டது. இன்றைக்கும் பந்தல் போட்டது, நாற்காலி கொண்டுவந்து இறக்கியது, டீ கொடுப்பது எல்லாம் அவர்கள்தான். சாராவின் வீட்டு ஆண்களுக்குச் செய்வதற்கு வேலை மிச்சமில்லை.

பந்தல் காலில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் தேவதாஸ் சிரித்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷம் முடித்ததற்கு நாளை நடக்கவிருந்த விழாவுக்கென்று ஆர்டர் கொடுத்த அதே படம். சுந்தராபுரத்து ஃப்ளெக்ஸ் கடைக்காரர் மேலே இருந்த 'வாழ்த்துகிறோம்' என்பதை எடுத்துவிட்டு 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டிருந்தார். கீழே ஓரத்தில் இரண்டு பலூன்களை அழிக்க மறந்திருந்தார். ஆடிக் காற்றில் ஃப்ளெக்ஸ் உப்பி உப்பி அடங்கியது. ஒவ்வொரு தடவை உப்பும்போதும் அவர் முகம் முன்னால் வந்து, எதையோ கேட்க வாயெடுப்பதுபோலத் தெரிந்தது.

கிருபாவதி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். ராத்திரி முழுக்க அவள் மனதில் வேறொரு படத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பாலகோபால் சொன்னது. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் ஒரு தென்னை நார் மில். டீ குடிக்க வெளியே வந்தார். வேப்பமர நிழலில் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்துவிட்டார். ஒரு நிமிஷம் கூடக் கஷ்டப்படவில்லை. கையில் டீ தம்ளர், தலைக்கு மேல் மரம், முகத்தில் காற்று. இப்படிப் போவதற்கு எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று சர்ச் ஐயர் கூட ஜெபத்துக்கு முன்னால் சொன்னார். அவளும் அதை நம்பித்தான் விடியும்வரை கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

வெயில் ஏறிய பிறகு பாலகோபால் உள்ளே வந்தார். தேவதாஸோடு ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த மில் வேலைக்கு அவர்தான் பொறுப்பு. நீலச் சட்டை கசங்கி, கண் சிவந்திருந்தது. ஜெப்ரியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். ஜெப்ரியின் குரல் உயர்ந்தது.

"இப்பப் போயி அதையெல்லாம் கேக்கறீங்களேண்ணா. கட்டர் வெச்சு அறுத்துட்டு வேலையப் பாருங்க. ஒரு பூட்டுதான?"

"மெதுவாப் பேசுங்க தம்பி. அறுக்கறதுக்கு முடியாதுங்க."

"எதை அறுக்கறது?" என்றாள் கிருபாவதி.

பாலகோபால் அவளைப் பார்க்காமல் ஐஸ் பெட்டியின் காலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மில்லு மெயின் சுவிட்சுல அண்ணனோட பூட்டு தொங்குதுங்க்கா. நேத்திலிருந்து மில்லு இருட்டாக் கெடக்குது. லோடு ஏத்தோணும், கட்டர் கொண்டாந்து அறுக்கறேன்னு மில்லுக்காரரு நிக்கறாரு. நம்ம பசங்க பூட்டு முன்னால போயி நின்னுட்டாங்க. உடமாட்டேங்கறாங்க. சாவி அண்ணங்கிட்டத்தான் இருக்கோணும். அடக்கம் முடிஞ்சதும் தம்பி ஒரெட்டு வந்து எடுத்துக் குடுத்தாப் போதுமுங்க."

"ஏனுங்க, உங்க கம்பெனில வேற ஆளே இல்லீங்களா?" என்றாள் சாரா. "பொணத்தத் தூக்க வந்தவங்க மாதிரியா இருக்குது? பில்லு வசூல் பண்ண வந்தவங்களாட்டல்ல இருக்குது."

பாலகோபால் தலையைக் குனிந்துகொண்டார். கிருபாவதிக்கு அவரை வைய மனம் வரவில்லை. அந்தப் பூட்டின் கதை அவளுக்குத் தெரியும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு உள்ளே இறங்குகிறவன், சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, தன் படம் ஒட்டிய அட்டையைத் தொங்கவிட்டுத்தான் இறங்குவான். சாவி அவன் உடம்போடு இருக்கும். வெளியே வந்ததும் 'ஆள் வெளிய' என்று எல்லாருக்கும் கேட்கக் கத்திவிட்டு, அவனே பூட்டை எடுக்க வேண்டும். திருமலைசாமி காலத்தில், காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லில், செங்கோட்டையன் என்பவர் பூட்டை எடுக்க மறந்து வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்து அறுத்துவிட்டார்கள். அவர் போகவில்லை. உள்ளேதான் இருந்தார். அதன்பின் அந்தக் கம்பெனியில் யார் பூட்டையும் யாரும் அறுத்ததில்லை. ஈரோட்டு வேலையில் ஒருவர் பூட்டை எடுக்காமலே போய், அம்மை போட்டு வீட்டில் படுத்துவிட்டபோது, அவர் மனைவி பஸ் ஏறிப் போய்த் திறந்துவிட்டு வந்தாள். ஆள் வர முடியாவிட்டால் அவன் வீட்டு ஆள். மூன்றாவது வழி கிடையாது.

தேவதாஸுக்கு அது வீட்டிலும் தொற்றிக்கொண்டிருந்தது. ஃபேன் ரெகுலேட்டர் மாற்றினால் கூட மெயின் போர்டில் பூட்டுத் தொங்கும். குளித்துவிட்டுக் கதவைத் திறக்கும்போது, "ஆள் வெளிய!" என்று ஒரு சத்தம். ஜெப்ரி சின்னப் பையனாக இருந்தபோது அதற்கு விழுந்து விழுந்து சிரிப்பான். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் பூட்டை எடுத்துவிட்டுத்தான் போவார். திரும்பி வந்து மறுபடி போடுவார். "அஞ்சு நிமிஷத்துக்கு எதுக்குங்க?" என்று கேட்டால், "நான் உள்ள இல்லாதப்போ பூட்டு இருந்தா அது பொய்யில்ல?" என்பார்.

மூடியிருந்த கைக்குள் சாவி உறுத்தியது.

"பாலு" என்றாள். "டீ குடிக்க வெளிய வந்தாருன்னு சொன்னீங்க."

"ஆமாங்க்கா."

"வெளிய வந்தாருன்னா, பூட்டு எப்படிங்க அங்க தொங்குது?"

 ஐஸ் பெட்டி ஒரு தடவை குலுங்கி உறுமலை நிறுத்தியது. சில நேரம் அப்படி நிற்கும், பிறகு தானாக ஓடும் என்று கொண்டுவந்தவன் சொல்லியிருந்தான். அந்த இடைவெளியில் பாலகோபால் மூச்சு விடுவது கூடக் கேட்டது.

"அவசரத்துல மறந்திருப்பாருங்..."

"எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். பார்த்ததும் முகம் உடைந்துபோனது.

"அண்ணன் வெளிய வரலீங்க்கா."

சாரா நாற்காலியிலிருந்து எழுந்தாள். ஜெப்ரி அம்மாவின் தோளைப் பிடித்தான்.

"சுவிட்சுப் பேனலுக்குப் பின்னால கேபிள் போற குழிங்க. காலைலயே எறங்கிட்டாரு. கூட இருந்த பையன சாமான் வாங்கறதுக்குப் பொள்ளாச்சிக்கு நான்தான் அனுப்பிச்சுட்டேன். மத்தியானம் சாப்பிட உக்காந்தோம். பூட்டு தொங்குச்சுங்க்கா. சரி, வேலை ஓடுது, முடிச்சுட்டு வரட்டும்னு அவரு டிபன மூடி வெச்சோம். பூட்டு தொங்கறப்போ உள்ள போயித் தொந்தரவு பண்ண மாட்டோமுங்க. சாயங்கால டீ வந்ததுக்கப்புறந்தான் எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. எறங்கிப் பாத்தா, செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு. டார்ச்சு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. என்னப் பாக்கறாருன்னுதான் நெனச்சேன். 'ஏண்ணா, பசிக்கலியா?'ன்னு கேட்டனுங்க்கா. அவர்கிட்டக் கேட்டேன்."

 துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

வேப்பமரம் போனது. டீ தம்ளர் போனது. காற்றும் போனது. கிருபாவதி அந்த இடத்தில் ஒரு குழியையும் சுவரையும் வைத்துப் பார்த்தாள். எத்தனை நேரம்? வலித்திருக்குமா? கூப்பிட்டிருப்பாரா? கூப்பிட்டிருந்தால் அது யார் காதில் விழுந்திருக்கும்?

"மத்தியானம் நான் போன் பண்ணேன்" என்றாள் மெதுவாக.

"தெரியுமுங்க்கா. போனையெல்லாம் வெளிய டப்பாலதான போட்டுட்டுப் போவோம். அடிச்சுது. அக்கா கூப்பிடறாங்க, அண்ணனுக்கு இன்னிக்கு என்னமோ பூஜைதான்னு பசங்ககிட்டச் சொல்லிச் சிரிச்சேன்."

எடுக்கவில்லை என்றதும் அவளும் அதையேதான் நினைத்தாள். பூட்டுத் தொங்குகிறது போல. போனை வைத்துவிட்டு ஃபேனுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தாள். நல்ல தூக்கம். எழுந்தபோது கன்னத்தில் பாயின் கோடு விழுந்திருந்தது.

ஐஸ் பெட்டி மறுபடியும் உறுமத் தொடங்கியது. அவள் அதன் பக்கத்தில் போய் நின்றாள். கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்து முகம் சரியாகத் தெரியவில்லை. முந்தானையால் துடைத்தாள். ஆவி உள்ளே இருந்ததால் போகவில்லை. கோட்டும் டையும் தெரிந்தன. டை இன்னும் கோணலாகத்தான் இருந்தது. நிஜமாகவே தன் டை கோணலாக இருந்தால் அதைச் சரி பண்ணாமல் விடுகிற ஆளா அவர்? இந்த உடம்பில் அவர் எந்த அளவுக்கு இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. 

"வேன் இருக்குதுங்களா பாலு?"

"இருக்குதுங்க்கா. எதுக்குங்க?"

"நான் வாரேன். இப்பவே போலாம்."

"கிருபா!" சாரா வந்து குறுக்கே நின்றாள். "உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? கட்டுன புருஷன் இங்க கெடக்கறான். ஊரு சனம் வந்துட்டிருக்குது. மத்தியானத்துக்கு மேல ஐயரு வந்து எடுக்கோணும்பாரு. நீ மில்லுக்குப் போறேங்கற?"

"எடுக்கறதுக்குள்ள வந்துருவேன் அண்ணி."

"அடக்கம் முடியட்டும். அதுக்கப்புறம் எங்க வேணாலும் போ."

"பூட்டு அங்க தொங்கறப்ப, இங்க யாரை அண்ணி அடக்கம் பண்றது?"

  சாராவின் கை தன் கழுத்துச் சிலுவையைத் தேடியது.

"நான் போறேம்மா" என்றான் ஜெப்ரி. "சாவியக் குடு."

"நீ இங்க பாத்துக்க. நான் அங்க பாத்துக்கறேன்."

அவன் சின்னப் பிள்ளை போல அவளைப் பார்த்தான். பிறகு ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

கம்பெனி வேன் சந்து முனையில் நின்றது. ஷ்ரவ்யாவும் துணைக்கு ஏறினாள். டிரைவருக்குப் பின்னாலிருந்த வரிசையில் கதவோர இடத்தில் ஒரு காசித்துண்டு மடித்துப் போட்டிருந்தது. அது தேவதாஸின் இடம்.  இருவரும் அதைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போனார்கள். பாலகோபால் வண்டியை எடுத்தார்.

ஈச்சனாரியில் நிற்கும் லாரிகளும், ஒத்தக்கால்மண்டபத்து டீக்கடைகளும், கல்யாண மண்டபங்களும் வழக்கம்போல இருந்தன. வெள்ளைப் புடவையோடு இந்த நேரத்தில் இந்த ரோட்டில் போகிறோம் என்பதே கிருபாவதிக்கு நம்பும்படியாக இல்லை. பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளியது. முன்னாலிருந்த வரிசையில் துண்டின் நுனி மட்டும் எழுந்து எழுந்து படிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா" என்றாள் ஷ்ரவ்யா. "அன்னிக்கு ரெக்கார்டு பண்ணப்போ அண்ணன் ஒரே தடவைல சொல்லிட்டாருங்க. மத்தவங்கெல்லாம் பத்துத் தடவை சொல்லுவாங்க. இவரு ஏற்கெனவே சொல்லி வெச்சிருந்தாப்ல இருந்துச்சு."

கிருபாவதி அந்தப் பெண்ணின் கையைத் தட்டிக்கொடுத்தாள். 

மில் வளாகம் முழுக்கத் தேங்காய் மட்டைக் குவியல்கள். எதிலும் சத்தமில்லை. ஒரு மில் சத்தமில்லாமல் இருந்தால் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. வடநாட்டு ஆட்கள் முகத்தில் துணி கட்டியபடி நிழலில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். சுவிட்ச் அறை வாசலை அடைத்துக்கொண்டு நீலச் சட்டைகள் நின்றன. பக்கத்திலேயே வேப்பமரம் ஒன்று இருந்தது. அதன் அடியில் யாருமில்லை. மில்லுக்காரர் காருக்குப் பக்கத்திலிருந்து வேகமாக வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் புடவையைப் பார்த்து, நின்று, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

நீலச் சட்டைகள் வழி விட்டன.

அறைக்குள் எண்ணெயும் தூசியும் கலந்த வாசம். தினமும் சாயங்காலம் அவர் சட்டையோடு வீட்டுக்குள் வரும் அதே வாசம். அவள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். சுவரில் பெரிய இரும்புப் பெட்டி. அதன் கைப்பிடியில் சிவப்புப் பூட்டு. பூட்டில் அட்டை. வாசல் வழியாக வந்த காற்றுக்கு அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் முகம், வெற்று முதுகு, மறுபடியும் முகம். படத்துக்குக் கீழே அவர் கையெழுத்தில், 'ஆள் உள்ளே'.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு இரும்புக் கதவு. அது பாதி திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் படிகள் இருட்டுக்குள் இறங்கின. இருட்டின் கடைசியில், தரையோடு, மங்கலாக மஞ்சள் வெளிச்சம்.

"உள்ள யாரு?" என்றாள்.

"யாருமில்லீங்க்கா" என்றார் பாலகோபால்.  "அண்ணன் டார்ச்சுங்க. தூக்கிட்டு வர்ற அவசரத்துல கீழ விழுந்துருச்சு. அதுக்கப்புறம் எறங்கறதுக்கு யாருக்கும் தைரியம் வரலீங்க."

நேற்றிலிருந்து எரிந்துகொண்டிருக்கிறது. அவள் சாவியை எடுத்தாள்.

"மொதல்ல கதவத் தட்டிக் கூப்பிடோணுங்க. பேரைச் சொல்லி. ஆள் வெளிய வந்தாச்சுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறந்தான் பூட்டு." வெறும் சடங்காக அவர் அதைச் சொல்லவில்லை. வாசலில் நின்றவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக ஓரடி பின்வாங்கி, வெளியே வருகிறவனுக்கு இடம் விட்டு நின்றார்கள்.

கிருபாவதி இரும்புக் கதவை உள்ளங்கையால் தட்டினாள். சத்தம் குழிக்குள் ஓடி, எங்கோ போய் மோதி, கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது. பதிலுக்கு யாரோ தட்டியது போல இருந்தது.

"ஏனுங்க" என்றாள்.

பெயரைச் சொல்லவில்லை. யாரும் அவளைத் திருத்தவில்லை.

"ஏனுங்க. வாங்க, போலாம். வீட்டுக்கு ஜெப்ரி வந்திருக்கான். எல்லாரும் வந்திருக்காங்க."

காத்திருந்தார்கள். மில்லுக்காரர் கூட அசையவில்லை. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. வீட்டில் குளியலறைக் கதவுக்கு வெளியே துண்டோடு நின்ற நேரங்கள் நினைவுக்கு வந்தன. இப்போதும் அந்தப் பொறுமைதான். குழியிலிருந்து குளிர்ந்த காற்று ஒன்று மேலேறி அவள் கணுக்காலைத் தொட்டு, புடவைக் கரையை அசைத்துவிட்டு, வாசல் பக்கம் போனது. சுற்றிக்கொண்டிருந்த அட்டை நின்றது.

கீழே மஞ்சள் வெளிச்சம் சிவந்தது. ஒரு புள்ளியாகச் சுருங்கியது. பிறகு இல்லை.

ஷ்ரவ்யா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "பேட்டரி" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதை யாரும் ஆமோதிக்கவில்லை.

"ஆள் வெளிய" என்றது ஒரு குரல். சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி. அது தன்னுடைய குரல்தானா என்று கிருபாவதிக்குச் சந்தேகமாக இருந்தது.

சாவி இப்போது வெதுவெதுப்பாக இருந்தது. பூட்டு ஒரே திருப்பில் விட்டுக்கொடுத்தது. அட்டையோடு அதைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். பாலகோபால் கைப்பிடியை மேலே தள்ளினார். அறைக்குள் விளக்கு எரிந்தது. தூரத்தில் ஏதோ ஒரு எந்திரம் இருமிக்கொண்டு கிளம்ப, அதைத் தொட்டு இன்னொன்று, இன்னொன்று. குந்தியிருந்த ஆட்கள் எழுந்து முகத்துணியை இறுக்கிக்கொண்டார்கள். படிகளுக்குக் கீழேயும் ஒரு குண்டு பல்ப் எரிந்தது. கிருபாவதி குனிந்து பார்த்தாள். அணைந்த டார்ச். வாய் திறந்து கிடந்த கருவிப் பை. சுவர் முழுக்க அப்பியிருந்த நார்த்தூசி ஓரிடத்தில் மட்டும் ஒரு முதுகளவுக்குச் சுத்தமாக இருந்தது.

அவள் நிமிர்ந்தாள்.

"நேரமாச்சு பாலு. போலாம்."

வெளியே வெயிலில் கண் கூசியது. வேன் வரைக்கும் நீலச் சட்டைகள் இரண்டு பக்கமும் நின்றன. அவர்கள் பார்வை அவள் மேல் இல்லாமல், அவளுக்கு ஓரடி முன்னால் யாரோ நடப்பதுபோல நகர்ந்ததை அவள் கவனித்தாள். வேனில் ஏறி, இந்தத் தடவை டிரைவருக்குப் பின்வரிசையிலேயே உட்கார்ந்தாள். காசித்துண்டு கிடந்த இடத்தைத் தாண்டி, உள்பக்கமாக. ஷ்ரவ்யா பின்னாலேயே ஏற வந்தாள்.

"நீ பின்னால உக்காந்துக்க கண்ணு."

ஷ்ரவ்யா துண்டைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு போய்ப் பின்கதவு வழியாக ஏறினாள்.

பாலகோபால் கதவின் பிடியில் கை வைத்தபடி நின்றார்.

"சாத்தலாமுங்களாக்கா?"

"கொஞ்சம் இருங்க."

காற்று வீசியது. மட்டைக் குவியல்களின் மேலிருந்து தூசி எழுந்து வெயிலில் பழுப்பாக மிதந்து, வேனைக் கடந்து போனது. கிருபாவதி புடவைத் தலைப்பை மடிக்கு இழுத்து, இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொண்டாள்.

"இப்பச் சாத்துங்க" என்றாள்.

யாருடைய முழங்காலிலும் இடித்துவிடக் கூடாது என்பதுபோல, பாலகோபால் கதவை மெதுவாகத் தள்ளிச் சாத்தினார்.